ரசீதில் ‘காணிக்கை’, பத்திரத்தில் ‘லாபப் பங்கு’

கேள்வி: என் அம்மா ஓய்வுபெற்ற ஆசிரியை, வயது 63. அப்பா காலமான பிறகு ஒரு சுயாதீன சபைக்குப் போய்வருகிறார். அங்குள்ள ஒரு சகோதரர் ‘ராஜ்ய வியாபாரம்’ என்று ஒரு திட்டம் நடத்துகிறார். மூன்று லட்சம் போட்டால் மாதம் 3 சதவீதம் லாபப் பங்கு என்கிறார். அம்மா ரூ.50,000-ஐ ரொக்கமாகக் கொடுத்துவிட்டார். மீதி இரண்டரை லட்சத்துக்கு அடுத்த மாதத் தேதியிட்டுக் காசோலை கொடுத்திருக்கிறார். காணிக்கை என்பதால் வரிவிலக்கும் உண்டாம். நான் கேள்வி கேட்டால் ‘உனக்கு விசுவாசம் இல்லை’ என்கிறார். இது மோசடியா? காணிக்கையையும் வியாபாரத்தையும் ஏன் இப்படிக் கலக்கிறார்கள்?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: முதலில் காசோலையை நிறுத்துங்கள். இந்தப் பதிலின் மீதியைப் பிறகு படித்துக்கொள்ளலாம். அம்மாவையே வங்கிக்கு அழைத்துப்போய், காசோலை எண்ணைக் குறிப்பிட்டு ‘ஸ்டாப் பேமென்ட்’ கடிதம் கொடுக்கச் சொல்லுங்கள். கணக்கு அவருடையது என்பதால் உங்கள் கையெழுத்து செல்லாது. கடிதத்தின் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் வங்கிப் படியை விட்டு இறங்காதீர்கள்.

‘செக்கை நிறுத்தினால் 138-ல் வழக்கு’ என்று மிரட்டுவார்கள். மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் அந்த 138-ஆம் பிரிவு, பட்ட கடனை அடைப்பதற்காகக் கொடுத்த காசோலைக்கு உரியது. உங்கள் அம்மா யாரிடமும் கடன்படவில்லை. பணம் கொடுக்கப்போகிறவரே அவர்தான். கொடுக்க நினைத்ததைக் கொடுக்காமல் விட்டால் அது செக் மோசடி ஆகாது. ஆனால் வக்கீல் நோட்டீஸ் வந்தால் அலமாரியில் வைத்துவிடாமல் 15 நாளுக்குள் பதில் அனுப்பிவிடுங்கள்.

நீங்கள் அனுப்பிய இரண்டு படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒன்று அச்சடித்த ரசீது. மேலே ஒரு வசனம், நடுவில் ‘ரூ.50,000 அன்பின் காணிக்கையாகப் பெற்றுக்கொண்டோம்’, கீழே கையெழுத்து என்ற பெயரில் ஒரு சுழி. அமைப்பின் பதிவு எண் இல்லை, பான் எண் இல்லை. மற்றது முத்திரைத்தாள். அதே தேதி, அதே தொகை, ‘மாதந்தோறும் 3% லாபப் பங்கு, 24 மாத முடிவில் அசல்’. ஒரே பணத்துக்கு ஒரே நாளில் இரண்டு பெயர். முத்திரைத்தாள் அம்மாவுக்காக எழுதப்பட்டது. ரசீது, நாளை விசாரிக்க வரும் அதிகாரிக்காக எழுதப்பட்டது.

இந்தத் தந்திரம் நம் ஊரில் பிறந்ததல்ல. அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில் டாம்பா நகரில் ‘கிரேட்டர் மினிஸ்ட்ரீஸ் இன்டர்நேஷனல்’ என்று ஓர் அமைப்பு 1990-களில் இயங்கியது. கொடுத்த பணம் இரண்டு மடங்காகத் திரும்பும் என்று விசுவாசிகளிடம் சொன்னார்கள். தங்கச் சுரங்கம் இருக்கிறது, அந்நியச் செலாவணி வியாபாரம் இருக்கிறது என்றார்கள். லூக்கா 6:38-ல் வரும் ‘அமுக்கிக் குலுக்கிச் சரிந்து விழும்படி’ என்ற வசனத்தை ஆதாரமாகக் காட்டினார்கள். வாங்கிய பணத்தை ஓரிடத்திலும் முதலீடு என்று சொல்லாமல் ‘அன்பளிப்பு’ என்றே சொல்லிவந்தார்கள். முதலீடு என்றால் சட்டம் கேள்வி கேட்கும் அல்லவா? கடைசியில் பழைய ஆட்களுக்குப் புதிய ஆட்களின் பணத்தைக் கொடுத்து ஓட்டியதுதான் வெளியே வந்தது. தலைவர் ஜெரால்டு பெய்னுக்கு 2001-ல் 27 ஆண்டு சிறை.

உங்கள் சகோதரர் அப்படிப்பட்டவரா என்று கேட்டால், அவர் மனதுக்குள் போய்ப் பார்க்க என்னால் முடியாது. கணக்கைத்தான் பார்க்க முடியும். மூன்று லட்சத்துக்கு மாதம் ரூ.9,000. அம்மாவின் பணத்திலிருந்தே எடுத்து அம்மாவுக்குக் கொடுத்தாலும் 33 மாதம் தாங்கும். ஒப்பந்தமோ 24 மாதம். அதாவது ஒரு பைசா வியாபாரம் செய்யாமலே ஒப்பந்தக் காலம் முழுவதும் ‘லாபம்’ கொடுத்துவிடலாம். முதல் ஆறு மாதம் ஒழுங்காகப் பணம் வருகிறது, ஆகவே தொழில் உண்மை என்று நம்புகிறவர்கள் இந்த வகுத்தலை ஒரு முறை போட்டுப் பார்க்கட்டும். வருடத்துக்கு 36 சதவீதம் நிச்சயமாகத் தரக்கூடிய தொழிலுக்கு வங்கி கடன் கொடுக்காதா? ஓய்வூதிய ஆசிரியையைத் தேடி வருவானேன்?

முத்திரைத்தாளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மக்கள் அதற்குக் கொடுக்கும் மரியாதை எனக்கு எரிச்சலூட்டுகிறது. அரசுக்குத் தீர்வை கட்டியாயிற்று என்பதற்கு மட்டுமே அது சாட்சி. நோட்டரி முத்திரையோ, இன்னார் என் முன் கையெழுத்திட்டார் என்று மட்டுமே சொல்கிறது. உள்ளே எழுதியிருப்பது சட்டப்படி சரியா என்று நோட்டரி படித்துப் பார்ப்பதில்லை.

இனி சட்டம். ஒழுங்குபடுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடைசெய்யும் மத்திய அரசின் சட்டம் 2019-ல் வந்தது. திருப்பித் தருவதாகச் சொல்லிப் பொதுமக்களிடம் பணம் வாங்கினால், கூடுதலாகத் தருவதை வட்டி என்றாலும் போனஸ் என்றாலும் லாபம் என்றாலும் அது வைப்புத்தொகைதான். பணம் போடச் சொல்லி அழைப்பதற்கே ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை சிறை. வாங்கினால் இரண்டு முதல் ஏழாண்டு. ஏமாற்றித் திருப்பித் தராவிட்டால் பத்தாண்டு வரை. ஆகவே மோசடி நிரூபணமாகும்வரை காத்திருக்கத் தேவையில்லை, வாங்கியதே குற்றம்.

விதிவிலக்குகள் சில உண்டு. உங்களுக்கு வேண்டியது ஒன்றுதான், அதைத்தான் அவர்கள் தூக்கிக்கொண்டு வருவார்கள். ஒருவர் தன் உறவினரிடம் வாங்கிய கடன் இந்தச் சட்டத்தில் வராது. ‘நாங்கள் எல்லோரும் ஒரே குடும்பம், கிறிஸ்துவுக்குள் சகோதர சகோதரிகள்’ என்று ஆரம்பிப்பார்கள். ஆராதனையில் அது உண்மையாக இருக்கலாம், சட்டத்தில் இல்லை. உறவினர் யார் என்பதற்குக் கம்பெனிகள் சட்டத்தின் பட்டியலையே இதற்கும் எடுத்துக்கொள்கிறார்கள். கணவன், மனைவி, தந்தை, தாய், மகன், மருமகள், மகள், மருமகன், உடன்பிறந்த சகோதரன், சகோதரி. மாற்றாந்தாய், மாற்றாந்தந்தை வழி உறவுகளும் சேரும். இந்துக் கூட்டுக் குடும்பத்துக்கான விதியை விட்டுவிட்டால், அவ்வளவுதான் பட்டியல். சித்தப்பா கிடையாது. அத்தை மகன் கிடையாது. மைத்துனர் கிடையாது. கல்யாணத்தில் மாலை எடுத்துக் கொடுத்த மாமாவே இந்தச் சட்டத்துக்கு அந்நியர் என்றால், ஞாயிற்றுக்கிழமை பக்கத்து நாற்காலியில் உட்காருகிறவர் எப்படி உறவினர் ஆவார்? முன்பு ஒருவர் என் அலுவலகத்துக்கு ஞானஸ்நானச் சான்றிதழையே எடுத்துவந்தார். பணம் கொடுத்தவருடைய பேரனுக்குத் தான் ஞானத்தகப்பன் என்று காட்டி, ‘இது உறவு இல்லையா சார்?’ என்றார். இல்லை என்று புரியவைக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. ஒரே சாதி, ஒரே ஊர், ஒரே கல்லறைத் தோட்டம் எதுவும் இந்தப் பட்டியலில் இடம் வாங்கித் தராது.

இது பலிக்காவிட்டால் ‘அம்மாவைப் பங்குதாரராகச் சேர்த்துவிடுகிறோம்’ என்பார்கள். அது இன்னும் மோசம். சாதாரணக் கூட்டு வியாபாரத்தில் பங்குதாரர் ஆனால் கடையின் கடனுக்கு அம்மாவின் வீடும் பொறுப்பாகும். ஊழியப் பங்காளர் என்பது வேறு, தொழில் பங்குதாரர் என்பது வேறு. பெயர்ப் பொருத்தத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட வேண்டாம்.

வரிவிலக்கு கிடையாது. வழிபாட்டுக்கென்றே நடக்கும் அமைப்புக்குக் கொடுத்தால் 80ஜி எனப்படும் நன்கொடை வரிக்கழிவு வராது. எந்த அமைப்பானாலும் ரூ.2,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வராது. அம்மா புதிய வரிமுறையில் இருந்தால் அந்தக் கழிவே இல்லை. ‘எங்களுக்கு 12ஏ இருக்கிறது’ என்று ஒரு தாளைக் காட்டினால், அது அவர்களுடைய வருமானத்துக்கான சலுகை, கொடுக்கிறவருக்கானது அல்ல. தொலைக்காட்சிப் பிரசங்கங்களின் அடியில் காணிக்கை கேட்டு ஓடும் கியூஆர் கோடை ஒரு முறை ஸ்கேன் செய்து பாருங்கள். ஊழியத்தின் பெயர் வருகிறதா, ஒரு தனிமனிதரின் பெயர் வருகிறதா என்று பார்த்தாலே பாதி விஷயம் விளங்கும்.

இப்போது உங்கள் கடைசிக் கேள்வி. நம் திருநெல்வேலிச் சபைகளில் பிடி அரிசி என்று ஒரு பழக்கம் உண்டு. உலையில் போடும் முன் ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் போட்டுவைத்து, சேர்ந்ததைச் சபைக்குக் கொடுப்பார்கள். யாரும் பதிலுக்கு ஒரு மூட்டை வரும் என்று எதிர்பார்க்கவில்லை. புராட்டஸ்டன்ட் பிரிவுகளுக்கும் முதலாளித்துவத்துக்கும் உள்ள உறவைப் பற்றி ஜெர்மானிய அறிஞர் மாக்ஸ் வெபர் 1904, 1905-ல் எழுதியதும் இந்தச் சிக்கன மனத்தைப் பற்றித்தான். உழை, ஆடம்பரம் செய்யாதே என்ற கட்டுப்பாடு மூலதனம் சேர வழிசெய்தது என்றார். 18-ஆம் நூற்றாண்டில் ஜான் வெஸ்லி, முடிந்த மட்டும் சம்பாதி, முடிந்த மட்டும் சேமி, முடிந்த மட்டும் கொடு என்று பிரசங்கித்தார். கொடுத்தால் எத்தனை சதவீதம் திரும்பும் என்று அவர் சொல்லவில்லை.

சதவீதம் உள்ளே நுழைந்தது அமெரிக்காவில், இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய செழிப்பில். ஒருபக்கம் எண்ணெய் முதலாளி ஹோவர்டு பியூ போன்றவர்கள், அரசு சந்தையில் தலையிடக் கூடாது என்று நினைத்த சமய இயக்கங்களுக்குப் பணம் கொடுத்தார்கள். 1956-ல் பிரசங்கியார் பில்லி கிரகாம் முன்னின்று தொடங்கிய ‘கிறிஸ்டியானிட்டி டுடே’ பத்திரிகைக்கும் அவர் பணம் போனது. அது மேல்தட்டு விவகாரம், உங்கள் அம்மாவைத் தொட்டது இன்னொன்று. ஒக்லஹோமாவின் டல்சா நகரில் ஓரல் ராபர்ட்ஸ் என்ற போதகர் 1950-களின் நடுவில் ‘ஆசீர்வாத ஒப்பந்தம்’ ஒன்றை அறிவித்தார். 100 டாலர் கொடுங்கள், ஓராண்டில் எதிர்பாராத இடத்திலிருந்து அது திரும்பி வராவிட்டால் நான் திருப்பித் தருகிறேன் என்றார். கடைக்காரர் பிரஷர் குக்கருக்குக் கொடுக்கும் உத்தரவாதம் காணிக்கைக்கு வந்தது அப்போதுதான். பிறகு அது ‘விசுவாச விதை’ ஆயிற்று. விதைத்தால் அறுக்கலாம், அறுவடை வரவில்லை என்றால் விதை போதவில்லை. 1987-ல், மார்ச் மாதத்துக்குள் 80 லட்சம் டாலர் சேராவிட்டால் கர்த்தர் தன்னை எடுத்துக்கொள்வார் என்றே அவர் சொன்னார். செயற்கைக்கோள் தொலைக்காட்சி வந்தபின் இதே விதைக் காணிக்கை தமிழிலும் கேட்கத் தொடங்கியது. கொடுத்தால் பெருகும் என்று பத்து வருடம் கேட்டுப் பழகிய காதுக்கு, 3 சதவீதம் என்பது வியாபாரப் பேச்சாகவே படாது. அந்தச் சகோதரர் வயலை உழவில்லை. உழுதுவைத்த வயலில் இறங்கியிருக்கிறார்.

பழைய, மரியாதையான சபைகள் இதற்கு விலக்கு என்று நினைக்காதீர்கள். அரிசோனா மாநிலத்து பாப்டிஸ்டுகளின் அறக்கட்டளை ஒன்று 1999-ல் திவாலானது. சுமார் 11,000 பேர், பெரும்பாலும் முதியவர்கள், சபை கட்ட உதவும் என்று நம்பிப் பணம் போட்டிருந்தார்கள். அதற்குத் தணிக்கை செய்தது ஆர்தர் ஆண்டர்சன் என்ற உலகப் புகழ்பெற்ற நிறுவனம். வழக்கைத் தீர்க்க 21.7 கோடி டாலர் தர 2002-ல் ஒப்புக்கொண்டது. நானும் ஆடிட்டர்தான், எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆடிட்டர் கையெழுத்து இருக்கிறது என்று யாராவது காட்டினால், அதற்காக மட்டும் நம்பாதீர்கள்.

அம்மாவிடம் வசனத்துக்கு எதிர்வசனம் சொல்லி வாதாட வேண்டாம், தோற்றுப்போவீர்கள். உலகச் சுவிசேஷ சபையினரின் லோசான் இயக்கம் 2010-ல் கேப் டவுன் மாநாட்டில் வெளியிட்ட உடன்படிக்கையே, கொடுத்தால் பெருகும் என்கிற செழிப்பின் உபதேசத்தை மறுக்கிறது என்பதை மட்டும் சொல்லுங்கள். கேள்வி கேட்பதால் விசுவாசம் போய்விடாது என்று அவருக்குப் பட்டால் போதும்.

கொடுத்துவிட்ட ஐம்பதாயிரத்துக்கு வருவோம். கடனாகவோ வைப்பாகவோ ரூ.20,000-ஐ ரொக்கமாக வாங்கினாலே வருமான வரிச் சட்டப்படி தவறு. வாங்கியவருக்கு அதே அளவு தொகை அபராதம். ரசீதில் ஏன் ‘காணிக்கை’ என்று எழுதினார்கள் என்பது இப்போது புரிகிறதா? முத்திரைத்தாளின் நகலை இணைத்து, பத்து நாளில் வங்கி மூலம் திருப்பித் தரும்படி பதிவுத் தபாலில் கேளுங்கள். மூலப் பத்திரத்தை ‘புதுப்பித்துத் தருகிறோம்’ என்று கேட்பார்கள். கொடுத்துவிட்டால் கையில் காணிக்கை ரசீது மட்டும் மிஞ்சும்.

வரவில்லை என்றால் பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுங்கள். உள்ளூர்க் காவல் நிலையத்தில் ‘சபை விவகாரம், பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்’ என்பார்கள், கேட்டுக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். ரிசர்வ் வங்கியின் ‘சசேத்’ இணையதளத்திலும் பதியலாம். அது உரிய துறைக்கு அனுப்பிவைக்கும், அனுப்பிவைப்பதோடு சரி. தமிழ்நாட்டில் முதலீட்டாளர் பாதுகாப்புக்கென்று 1997-லேயே சட்டம் வந்தது, மதுரையில் சிறப்பு நீதிமன்றமும் இருக்கிறது. சொத்தை முடக்குவார்கள், ஏலம் விடுவார்கள், அதற்குள் புகார் கொடுத்தவருக்குக் கண்புரை அறுவை முடிந்து பேத்திக்குக் கல்யாணமும் ஆகிவிடும். என்னிடம் வந்த ஒரு கட்சிக்காரர் இறந்த பிறகு அவருடைய பங்கு வந்தது. வாங்கிக்கொள்ள வாரிசுச் சான்றிதழ் கேட்டார்கள்.

கடிதத்தின் கடைசி வரியில், சபையில் இன்னும் மூன்று சகோதரிகளைச் சேர்த்துவிடும்படி அம்மாவிடம் சொல்லியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். ஆள் சேர்த்தவரையும் புகாரில் எழுதுவார்கள். பணம் போனவர்களுக்கு அந்தச் சகோதரரின் முகவரி தெரியாது, டீச்சரம்மா வீடு தெரியும். அம்மா இதுவரை யாரிடமாவது பேசியிருந்தால், தான் மேற்கொண்டு பணம் போடவில்லை என்று இன்றே அவர்களிடம் சொல்லிவிடச் சொல்லுங்கள்.

மீதியிருக்கும் இரண்டரை லட்சத்தை அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடலாம். நான் இதை எழுதும்போது வட்டி 8.2 சதவீதம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரூ.5,125 வரும். அதில் தசமபாகம் ரூ.512 ஐம்பது காசு. அதை அவர் கொடுத்தால் குறுக்கே நிற்காதீர்கள். ஆதார், பான், இரண்டு புகைப்படம் எடுத்துக்கொண்டு போங்கள். லட்சத்துக்கு மேல் என்பதால் ரொக்கம் வாங்க மாட்டார்கள், காசோலைதான். நாமினி பெயரை அன்றைக்கே எழுதிவிடுங்கள்.