இலையைத் திருப்பிப் பார்த்தீர்களா?

செல்லம்பட்டி வாசகர்: மல்லிக்கு எப்போது கவாத்து செய்யலாம்?

நவம்பர் கடைசி வாரம். தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு வெட்டுங்கள். காய்ந்த கிளை, நோய்ப்பட்ட கிளையை அடியோடு எடுங்கள். வெட்டிய கையோடு செடிக்கு 10 கிலோ தொழு உரம்.

உசிலம்பட்டி வாசகர்: 30 சென்ட் குண்டுமல்லி. இலை வெளுத்துச் சொரசொரவென்று இருக்கிறது. கடையில் கொடுத்த மூன்று மருந்தைக் கலந்து டேங்குக்கு ஒரு மூடி வீதம் அடித்தேன். பத்து நாளில் இன்னும் மோசம்.

மோசமாகத்தான் ஆகும். எந்த மூடி, எத்தனை லிட்டர் டேங்க், மருந்தின் பெயர் என்ன, ஒன்றுமே எழுதவில்லை. இலையின் அடிப்பக்கத்தைப் பார்த்தீர்களா? கிளைக்குக் கீழே வெள்ளைத் தாளைப் பிடித்துத் தட்டுங்கள். ஊசிமுனை அளவுப் புள்ளிகள் தாளில் ஊர்ந்து, விரலால் தேய்த்தால் செந்நிறமாக இழுத்தால் அது செஞ்சிலந்தி. சிலந்தி பூச்சி இனமே இல்லை. மொட்டுப்புழுவுக்கு அடிக்கும் மருந்து பலவும் அதைத் தொடாது. பைரித்ராய்டு வகைப் பூச்சிமருந்தோ, சிலந்தியைத் தின்னும் உயிர்களைக் கொன்று, சிலந்தியைப் பெருக்கிவிடும்.

நனையும் கந்தகத் தூள் லிட்டருக்கு 2 கிராம் போதும். 10 லிட்டர் டேங்குக்கு 20 கிராம். மூடியால் அளக்காமல் தராசில் நிறுத்துப் போடுங்கள். இலையின் அடி நனைய, வெயில் தாழ்ந்த பிறகு அடியுங்கள். உச்சி வெயிலில் அடித்தால் இலை கருகும். வேப்பெண்ணெய் அடித்திருந்தால் இரண்டு வாரம் தள்ளிப் போடுங்கள். எந்த மருந்தானாலும் அன்றைய பூவை எடுத்து முடித்த பிறகுதான். விடியுமுன் நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு வருகிற பெண்கள் வெறுங்கையால் மொட்டைக் கிள்ளுகிறார்கள். அந்தப் பூ மதுரை மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்குப் போய், மாலையில் ஒரு குழந்தையின் தலையில் இருக்கும். கலவை மருந்து கொடுக்கிற கடைக்காரரும் அதை வாங்கி அடிக்கிற விவசாயியும் இதை மறக்கவே கூடாது.

திருமங்கலம் வாசகர்: மல்லி இலை மஞ்சளாகிறது. என்ன அடிக்கலாம்?

எந்த இலை? கொழுந்து மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச்சத்துக் குறை. சுண்ணாம்பு மண்ணில் சகஜம். அன்னபேதி (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம் தெளியுங்கள். கீழ் இலையில் தொடங்கிச் செடியே வாடினால் ஒரு செடியின் வேரைத் தோண்டிப் பாருங்கள். தண்ணீர் நின்று வேர் அழுகியிருந்தால் தெளிப்பு எதுவும் உதவாது, வடிகால்தான் வேண்டும். பார்த்துவிட்டு எழுதுங்கள்.

மேலூர் வாசகி: தடுப்பூசி போட்டும் நாட்டுக்கோழி வெள்ளைக்கழிச்சலில் சாகிறது.

அம்மா, மருந்தை எப்படிக் கொண்டுவந்தீர்கள்? ஐஸ் இல்லாமல் பஸ்ஸில் வந்த மருந்து வீரியம் இழந்திருக்கும். குஞ்சுக்கு 7ஆம் நாள் கண்ணில் சொட்டு. எட்டு வாரத்தில் இறக்கையடித் தோலுக்குள் அரை மில்லி. கலக்கியதை இரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். ஊசிக்கு ஒரு வாரம் முன்பே குடற்புழு மருந்து கொடுங்கள். கழிச்சல் கண்ட கோழிக்கு ஊசி போட்டுப் பயனில்லை. செத்ததைச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். வாய்க்காலில் வீசினால் ஊர்க்கோழி எல்லாம் போகும்.

வாடிப்பட்டி வாசகர்: முதல் மழைக்குப் பிறகு கொழுத்த ஆட்டுக்குட்டிகள் ராத்திரியோடு சாகின்றன.

துள்ளுமாரி என்னும் குடல் நச்சு நோயாக இருக்கலாம். மழைக்கு முன்பே தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். இனி வெறும் வயிற்றோடு இளம்புல்லில் விடாதீர்கள். காய்ந்த கடலைக்கொடி தின்ற பிறகு ஓட்டுங்கள். செத்த குட்டி ஒன்றைக் கால்நடை மருந்தகத்தில் அறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஆனால் மூக்கிலோ ஆசனவாயிலோ ரத்தம் வடிந்திருந்தால் அறுக்கவும் கூடாது, தூக்கவும் கூடாது. அது அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயாக இருக்கலாம், மனிதருக்கும் தொற்றும். கிடந்த இடத்திலேயே விட்டுவிட்டு டாக்டரை வரவழையுங்கள்.