செகண்ட் ஹேண்டில் வாங்கிய மேனுவல் ஸ்போர்ட்ஸ் காரில் கிளட்ச் ஆயிலைத் தனியாக மாற்ற வேண்டுமா? எத்தனை நாளைக்கு ஒருமுறை?

மாற்ற வேண்டும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. வண்டி ஓடினாலும் சரி, கொட்டகையில் உறை போட்டு நின்றாலும் சரி. அவசரமாக வந்தவர்களுக்கு இது போதும்.

ஆனால் உங்கள் கேள்வியில் ஒரு வரி என்னைச் சுட்டுவிட்டது. "சர்வீஸில் பிரேக் ஆயில் மாற்றிய பில் இருக்கிறது. கிளட்சுக்கும் அதே தொட்டிதான், அதனால் தனியாக எதுவும் தேவையில்லை என்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். இதே வார்த்தையை என்னிடமும் சொன்னார்கள். என்னிடமும் பில் இருந்தது. அந்தப் பில்லை நம்பியதால் என் அம்மா பிள்ளையார்பட்டி விலக்கில் நடுமத்தியான வெயிலில் உட்கார வேண்டி வந்தது.

நான் மெக்கானிக் இல்லை. ஆத்தங்குடியில் டைல் பட்டறை வைத்திருக்கிறேன். வண்டி 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல், 5 கியர் மேனுவல். நான்கு கதவு இருப்பதால் அது ஸ்போர்ட்ஸ் காரே இல்லை என்று சொல்பவர்கள் சொல்லட்டும். பதினெட்டு வருடம் மண்ணும் சிமெண்டும் குழைத்துச் சேர்த்த காசில் ஆசைப்பட்டு வாங்கியது, அதில் எனக்கு வெட்கம் இல்லை. கம்பெனி பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. நடந்தது வண்டியின் குறை அல்ல, பராமரித்தவர்களின் குறை. அதில் எனக்கும் பங்கு உண்டு.

அம்மாவுக்கு மதுரையில் கண் காட்டிவிட்டு மேலூர், திருப்பத்தூர் வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தோம். பிள்ளையார்பட்டியில் சதுர்த்தி விழாக் கூட்டம். விலக்குக்கு முன்னாலேயே பஸ்ஸும் வேனும் ஒன்றை ஒன்று ஒட்டி நின்றன. நாற்பது நிமிடம் முதல் கியர், நியூட்ரல், முதல் கியர், நியூட்ரல். முதலில் கிளட்ச் பெடல் பஞ்சு மாதிரி ஆனது. அப்புறம் ஒரு மிதியில் தரையோடு போய் ஒட்டிக்கொண்டது, மேலே வரவில்லை. செருப்பு நுனியை அடியில் கொடுத்துத் தூக்கினால் வரும், மிதித்தால் மறுபடி தரை. இன்ஜின் ஓடும்போது எந்தக் கியரும் விழவில்லை, கரகரவென்று அரைத்தது. பின்னால் பஸ் ஹார்ன் நிற்கவே இல்லை.

கோவிலுக்கு நடந்து வந்த பையன்கள் நாலு பேர் தள்ளி ஓரம் கட்டிக் கொடுத்தார்கள். அம்மாவுக்குக் கண்பாப்பா விரிய மருந்து விட்டிருந்தார்கள். அந்த வெயிலில் கண்ணைத் திறக்கவே முடியவில்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு ஒரு வேப்பமரத்தடியில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது.

முக்கால் மணி நேரம் கழித்துப் பெடல் தானாக உயிர் பெற்றது. குன்றக்குடி தாண்டி வீடு வந்து சேர்ந்தோம். பிள்ளையார் புண்ணியம் என்றார்கள் அம்மா. இருக்கட்டும். ஆனால் காரணம் குழாய்க்குள் இருந்தது.

அடுத்த வாரம் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பிலிருந்து ஆள் வந்து ஓட்டிப் பார்த்தார். கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றும் செட்டாக மாற்ற வேண்டும், கியர்பாக்ஸ் இறக்க வேண்டும், 87,000 ரூபாய் ஆகும் என்று எழுதிக் கொடுத்தார். நான் பணம் கட்டத் தயாராகவே இருந்தேன். காரைக்குடியில் லாரியும் அம்பாசிடரும் பார்க்கும் வயதான பாய் ஒருவர் எங்கள் பட்டறை வேனையும் பார்ப்பவர். வேன் விஷயமாகப் போனபோது பேச்சுவாக்கில் சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்வி.

"மேட்டுல நாலாவது கியர்ல வச்சு மிதிச்சா இன்ஜின் மட்டும் கத்துதா, வண்டி இழுக்குதா தம்பி?"

"நல்லா இழுக்குது பாய்."

"அப்ப பிளேட்டு எப்படிப் போகும்?"

இதை நீங்கள் நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். பிளேட் தேய்ந்தால் வண்டி வழுக்கும். இன்ஜின் சுற்று (ஆர்பிஎம்) ஏறும், வேகம் ஏறாது, கருகிய வாடை வரும். பெடலுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ஹைட்ராலிக் பக்கம், அதாவது பெடலின் அழுத்தத்தைக் கொண்டுபோகும் ஆயில் குழாய்ப் பக்கம் கோளாறு என்றால் நேர்மாறு. இழுவை நன்றாக இருக்கும். ஆனால் பெடல் மெத்தென்று போகும், இன்ஜினை அணைத்தால் சுலபமாக விழும் கியர் இன்ஜின் ஓடும்போது விழாது, நாலைந்து முறை பெடலை அடித்தால் கொஞ்சம் சரியாகும். இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம், எந்தப் படிப்பும் வேண்டாம். 87,000 ரூபாய் எழுதிக் கொடுத்தவர் இதைப் பார்க்கவில்லை.

பாய் பானெட்டைத் திறந்து தொட்டி மூடியைக் கழற்றினார். ஆயில் தேன் நிறத்தில் தெளிவாக இருந்தது. பாருங்கள் பாய், போன வருடம் மாற்றியது, பில் இருக்கிறது என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு, கியர்பாக்ஸ் மேல் உட்கார்ந்திருக்கும் ஸ்லேவ் சிலிண்டரைத் தேடி, அதன் நிப்பிளில், அதாவது ஆயிலை வெளியே விடும் சின்னத் திருகில், உள்ளே இருப்பது தெரிகிற ஒரு குழாயைச் செருகி, 11 நம்பர் ஸ்பேனரால் கால் சுற்று விட்டார். வந்தது கறுப்பு டிகாஷன். நுரையோடு வந்தது.

"தொட்டியில இருக்கிறது போன வருசத்து ஆயிலு. குழாய்க்குள்ள இருக்கிறது உங்களுக்கு முன்னாடி வச்சிருந்தவரு காலத்து ஆயிலு. நாலு சக்கரத்திலயும் நிப்பிளைத் தொறந்திருக்காங்க. அஞ்சாவதைத் தொறக்கல."

அந்த ஐந்தாவது நிப்பிளுக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நாம் கிளட்ச் ஆயில் என்று சொல்வது உண்மையில் பிரேக் ஆயில்தான். பல வண்டிகளில் இரண்டுக்கும் ஒரே தொட்டி. கிளட்சுக்குப் போகும் குழாய் மட்டும் தொட்டியின் கொஞ்சம் மேல்பகுதியிலிருந்து கிளம்பும். கிளட்ச் பக்கம் கசிந்து காலியானாலும் பிரேக்குக்குக் கொஞ்சம் மிஞ்ச வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டர் ஆயிலைத் தள்ளுகிறது, மறுமுனையில் ஸ்லேவ் சிலிண்டர் ரிலீஸ் பேரிங்கைத் தள்ளுகிறது, கிளட்ச் விடுபடுகிறது. கால் எடுத்தால் அதே ஆயில் பின்னால் வருகிறது. அது சுற்றி வருவதே இல்லை. அது முட்டுச்சந்து. தொட்டியில் எவ்வளவு புது ஆயில் ஊற்றினாலும் முட்டுச்சந்தின் கடைசி வீட்டுக்குப் போகாது, அங்கே ஒருவர் கதவைத் திறந்து பழையதை வெளியே விட்டால்தான் போகும்.

பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும். மழைக்காலத்தில் உப்பு கசிகிற மாதிரி, ரப்பர் ஹோஸ் வழியாகவும் மூடி வழியாகவும் காற்றில் இருக்கும் ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொள்ளும். அதைக் குறை என்று நினைக்காதீர்கள். ஈரத்தைத் தன்னோடு கலந்துகொள்ளாவிட்டால் தண்ணீர் தனியாகப் பிரிந்து பள்ளமான இடத்தில் தேங்கும், அது இன்னும் மோசம். ஆனால் தண்ணீர் ஏற ஏறக் கொதிநிலை இறங்கும். டாட் என்பது பிரேக் ஆயிலின் தரக் குறியீடு. டாட் 4 புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி தாங்க வேண்டும். 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த நிலையில் குறைந்தபட்சம் 155 டிகிரிதான் கணக்கு. டாட் 3 என்றால் 205, 140. டர்போ வண்டியில், ஆவணி வெயிலில், காற்றோட்டம் இல்லாமல் ஊர்ந்துகொண்டிருக்கும்போது பானெட்டுக்குள் என்ன சூடு இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தண்ணீர் ஆவியாகிறது. ஆயிலை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். உங்கள் கால் அமுக்குவதெல்லாம் அந்த ஆவியைத்தான், பேரிங் அசையாது. சூடு ஆறினால் ஆவி அடங்கிப் பெடல் திரும்ப வரும். வேப்பமரத்தடியில் நடந்தது இதுதான்.

ஆகவே கிலோமீட்டர் கணக்கைப் பார்க்காதீர்கள். நம் பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் வண்டி முழு வருடமும் நிற்கிறது. சென்னையிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ பொங்கலுக்கு, கல்யாணத்துக்கு வரும்போது எடுப்பார்கள், 3,000 கிலோமீட்டர்கூட ஓடாத வண்டிக்கு எதற்கு ஆயில் என்பார்கள். நிற்கிற வண்டியும் ஈரத்தை இழுத்துக்கொண்டேதான் இருக்கிறது. நீங்களும் ஊரில் வண்டியை விட்டுவிட்டு வெளியூரில் இருப்பவர் என்று உங்கள் எழுத்திலிருந்து நினைக்கிறேன். தவறாக இருந்தால் மன்னியுங்கள்.

பில் என்றதும் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மனதில் வைத்திருக்க முடியவில்லை. எங்கள் டைலைக் கண்ணாடி மேல் அச்சு வைத்து, கையால் கலவையை ஊற்றி, மேலே உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, ஈரக் கலவை போட்டு அமுக்கி, தண்ணீரில் ஊறப்போட்டு எடுக்கிறோம். சூளை கிடையாது, பாலிஷ் மெஷின் கிடையாது, அந்தப் பளபளப்பு கண்ணாடி கொடுத்தது. இப்போது செராமிக்கில் அதே பூவைப் பிரிண்ட் போட்டு "ஆத்தங்குடி டைல்" என்று பில் போடுகிறார்கள். வாங்குபவர் பில்லைப் பார்த்துத் திருப்திப்படுகிறார். இரண்டு வருடம் கழித்து மேல்பூச்சு தேய்ந்ததும் "ஆத்தங்குடி டைல் அவ்வளவுதான்" என்று பேசுவது எங்களைத்தான். என்னிடம் வேலை பார்க்கும் பெண்களின் கை வெந்துபோய் இருக்கும். அந்தக் கைக்கு வரவேண்டிய காசு அது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

செய்முறை கஷ்டம் இல்லை, ஆனால் பிரேக்கும் அதே தொட்டியில் இருப்பதால் தெரிந்தவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். தனியாகச் செய்து ஏதாவது ஆனால் நான் பொறுப்பில்லை என்று சொல்லித் தப்பிக்க விரும்பவில்லை, அதனால்தான் முன்கூட்டியே சொல்கிறேன். சீல் உடைக்காத புது டின் வாங்குங்கள். மூடியில் என்ன டாட் எழுதியிருக்கிறதோ அதுதான். போன வருடம் பாதி ஊற்றி மூடி வைத்த டின் வேண்டாம், அதுவும் ஈரம் குடித்திருக்கும். தொட்டியில் இருப்பதை ஊசி இல்லாத சிரிஞ்சால் உறிஞ்சிவிட்டுப் புதியதை நிரப்புங்கள். ஒருவர் பெடலை மெதுவாக மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் நிப்பிளைத் திறந்து, ஓட்டம் நின்றதும் மூட வேண்டும். மூடிய பிறகுதான் பெடலை விட வேண்டும், கையால் தூக்கிவிட வேண்டியிருக்கும். எனக்கு 300 மில்லி போனபோதுதான் குழாயில் தேன் நிறம் தெரிந்தது. இடையில் தொட்டி வற்றிவிடக் கூடாது, வற்றினால் பிரேக்கிலும் ஏர் ஏறிவிடும். முடித்த பிறகு பிரேக் பெடல் கல் மாதிரி நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வண்டியை நகர்த்த வேண்டும். பெயிண்ட்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், பெயிண்ட்டைத் தின்றுவிடும்.

டாட் 5.1 ஊற்றலாமா என்று கேட்பவர்களுக்கு: அது டாட் 4 வகையைச் சேர்ந்ததுதான், கலந்தாலும் கெடாது. டாட் 5 என்பது சிலிகான், அது வேறு ஜாதி, கிட்டவே போகாதீர்கள். ஒற்றைப் புள்ளி வித்தியாசத்தில் கடைக்காரர் மாற்றிக் கொடுத்துவிடுவார், டின்னைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். அவசரத்துக்கு இன்ஜின் ஆயிலோ பவர் ஸ்டீயரிங் ஆயிலோ ஊற்றினால் ரப்பர் சீல் அத்தனையும் உப்பி வண்டி கைவிட்டுப் போகும்.

அமெரிக்க ஸ்போர்ட்ஸ் காரான கார்வெட் போன்ற சில வண்டிகளில் ஸ்லேவ் சிலிண்டர் கிளட்ச் கூட்டுக்குள்ளேயே இருக்கும், நிப்பிளைத் தொடுவதே பெரும்பாடு. அமெரிக்காவில் அந்த வண்டி வைத்திருப்பவர்கள் சிரிஞ்சால் தொட்டியை மாற்றுவது, இருபது முப்பது முறை பெடலை அடிப்பது, மறுபடி மாற்றுவது என்று நிறம் தெளியும்வரை திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். அடிக்க அடிக்கக் கீழே உள்ளது கொஞ்சம் கொஞ்சமாக மேலே கலக்கும். ஒன்றும் செய்யாமல் இருப்பதைவிட அது பல மடங்கு மேல். ஆனால் நிப்பிள் கைக்கு எட்டும் வண்டியில் சிரிஞ்சோடு நிறுத்திக்கொள்வது சோம்பல்தான்.

முழு உண்மையையும் சொல்ல வேண்டும். ஆயில் மாற்றி மூன்று மாதத்தில் என் ஸ்லேவ் சிலிண்டர் கசிந்தது. புது ஆயில் ஊற்றியதால்தான் கசிந்தது என்று உடனே ஒருவர் சொன்னார், இங்கேயும் சொல்வார்கள். கழற்றிப் பார்த்தோம். சிலிண்டர் சுவரில் ஊசி குத்திய மாதிரி துருப்புள்ளிகள். அதில் உரசி உரசி ரப்பர் கிழிந்திருந்தது. மூன்று மாதத்தில் வருகிற துரு அல்ல அது, வருடக்கணக்கில் தண்ணீர் செய்த வேலை. உலோக அரிப்பை ஆராய்கிற மைய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடியிலேயே இருக்கிறது, 1948இல் அடிக்கல் நாட்டியது. அதன் மதிலை ஒட்டித்தான் வாரம் இருமுறை டைல் ஏற்றிக்கொண்டு போகிறேன். என் வண்டிக்குள் இருந்த துருவைப் பற்றி ஒரு நாளும் நினைத்ததில்லை. புது ஸ்லேவ் போட்டு பாய் கூலியோடு 6,400 ரூபாய் ஆனது. கியர்பாக்ஸை இறக்கவில்லை. அதே பழைய கிளட்ச் பிளேட்தான் இன்றைக்கும் ஓடுகிறது.

நீங்கள் இப்போது செய்ய வேண்டியது, சர்வீஸுக்கு விடும்போது "பிரேக் ஆயில் மாத்துங்க" என்று சொல்லாமல், "கிளட்ச் நிப்பிளையும் திறந்து எடுங்க, நான் பக்கத்துல நிக்கிறேன்" என்று சொல்வது. முகம் சுளிப்பார்கள். நில்லுங்கள். வருகிற ஆயிலை ஒரு வெள்ளைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்துத் தரச் சொல்லுங்கள். என் வண்டியில் தொட்டி மூடிக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளை டேப் ஒட்டி, மாற்றிய மாதத்தையும் வருடத்தையும் எழுதி, அடியில் "5 நிப்பிள்" என்று எழுதி வைத்திருக்கிறேன். அம்மாவுக்கு அடுத்த கண் பரிசோதனை தை மாதம். அதற்கு முந்தின வாரம் பாயிடம் வண்டியை விடுகிறேன்.