நாட்டிங்காம் ஃபாரஸ்ட் கால்பந்து அணியின் 1977-80 சீசன்களை ஏன் அதிசயம் என்கிறார்கள்?

முதலில் 'புரமோஷன்'. அப்போது இங்கிலாந்துக் கால்பந்தில் இரண்டாம் டிவிஷனில் முதல் மூன்று இடங்களில் முடிக்கும் அணிகள் மேலே முதல் டிவிஷனுக்கு ஏறும். 1977-இல் நாட்டிங்காம் ஃபாரஸ்ட் மூன்றாவதாக வந்து, தொற்றிக்கொண்டு ஏறியது. அடுத்த சீசனிலேயே லீக் சாம்பியன்! பத்தாவதில் தட்டுத்தடுமாறி பாஸான பையன் பிளஸ் டூவில் மாநில முதலிடம் பிடித்த மாதிரி.

காரணம்? பயிற்சியாளர் பிரையன் க்ளஃப், உதவியாளர் பீட்டர் டெய்லர். மற்றவர்கள் கைவிட்ட ஆட்களிடம் இருந்த திறமையை இந்த ஜோடி கண்டுகொண்டது. கோல்கீப்பர் பீட்டர் ஷில்டனுக்குத் தயங்காமல் செலவழித்தார்கள். தொடர்ந்து 42 லீக் ஆட்டங்களில் தோல்வியே இல்லை.

அப்புறம் ஐரோப்பிய நாடுகளின் லீக் சாம்பியன் அணிகள் மோதும் ஐரோப்பியக் கோப்பை. முதல் சுற்றிலேயே நடப்புச் சாம்பியன் லிவர்பூலை வெளியேற்றினார்கள். 1979 இறுதியாட்டம் மியூனிக்கில்: இடது ஓரத்தில் ஜான் ராபர்ட்சன் இரண்டு பேரைத் தாண்டிப் பந்தைத் தூக்கிப்போட, தூரக் கம்பத்தருகே ட்ரெவர் ஃப்ரான்சிஸ் தலையால் முட்டினார். ஸ்வீடன் அணி மால்மோ காலி, 1-0. 1980-இலும் கோப்பை ஃபாரஸ்டுக்கே.

பத்து லட்சம் பவுண்டுக்கு வாங்கிய ஃப்ரான்சிஸ்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்பார்கள். அவர் வந்ததே 1979 பிப்ரவரியில், லீக் பட்டம் வென்ற பிறகு.