வில்லை விடுங்கள், முதலில் ரோசினைக் காட்டுங்கள்

கேள்வி: பெரம்பூரில் ஒரு சர்ச் ஆர்கெஸ்ட்ராவில் டபுள் பேஸ் (வயலின் குடும்பத்தின் பெரிய வாத்தியம்) வாசிக்கிறேன். முக்கால் சைஸ், பிளைவுட் உடம்பு, வாங்கி ஆறு வருடம் ஆகிறது. தடித்த இ தந்தியில் வில் வழுக்குகிறது. ஒலி எழும்புவதற்குள் பாட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறது. தெரிந்த ஒருவர் ஜெர்மனியிலிருந்து பழைய பெர்னம்புகோ மர வில் ஒன்றும் ஸ்பைரோகோர் 'சோலோ' தந்தி செட் ஒன்றும் வரவழைத்துத் தருவதாகச் சொல்கிறார். சேர்த்து 1,60,000 ரூபாய், பாதி அட்வான்ஸ். வில்லின் நுனியில் அசல் தந்தமாம். பார்சலில் 'கிஃப்ட்' என்று எழுதிவிட்டால் டியூட்டி இல்லையாம். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அட்வான்ஸ் இன்னும் கொடுக்கவில்லையென்றால் நல்ல வேளை. கொடுத்திருந்தால் இதைப் படித்து முடிப்பதற்கு முன்பே அவருக்கு போன் போடுங்கள்.

இவ்வளவு எழுதிய நீங்கள் என்ன ரோசின், அதாவது வில்லின் முடியில் தேய்க்கும் பிசின், தேய்க்கிறீர்கள் என்று எழுதவில்லை. இ தந்தி வழுக்குகிறது என்று என்னிடம் வருகிறவர்களின் பெட்டியைத் திறந்தால் பெரும்பாலும் உள்ளே வயலின் ரோசின்தான் இருக்கும். கண்ணாடிச் சில்லு மாதிரி கெட்டி, தேய்த்தால் வெள்ளை மாவாகக் கொட்டும். வயலினின் மெல்லிய தந்திக்கு அது போதும். பேஸின் இ தந்தி கிட்டத்தட்ட கேபிள், அதைப் பிடித்து அசைக்கப் பிசுபிசுப்பு வேண்டும். பேஸுக்கென்றே வரும் ரோசின் இளகலாக இருக்கும், கட்டை விரலால் அழுத்தினால் ரேகை பதியும். அமெரிக்காவின் பாப்ஸ் நல்ல சரக்கு. ஆனால் சென்னை வெயிலில் அதை ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டு ரிகர்சல் முடிந்து வந்தால் வெல்லப் பாகுதான் கிடைக்கும். சுவீடனின் கார்ல்சன் சற்றுக் கெட்டி. மார்கழிக்குப் பாப்ஸ், சித்திரைக்குக் கார்ல்சன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே திசையில் மூன்று நான்கு இழுப்புப் போதும்.

அடுத்தது வில்லின் முடி. ஆறு வருடத்தில் ஒரு தடவையாவது மாற்றினீர்களா? வயலின் வில்லுக்கு முடி போடுகிறவர்கள் சென்னையில் இருக்கிறார்கள். அவர்களிடம் கொடுக்கும்போது பேஸ் வில்லுக்கு முடி கூடுதலாக வேண்டும் என்று வாய் திறந்து சொல்லுங்கள். ஐப்பசி மழையில் மாற்றினால் இன்னொன்றும் சொல்லுங்கள்: ஈரத்தில் முடி நீளும், ஏசி ஹாலுக்குள் போனதும் சுருங்கும். மழை நாளில் அளவெடுத்துக் கட்டிய முடி ஏசியில் சுருங்கி, வில்லின் திருகாணியை முழுக்கத் தளர்த்தியும் வில் விறைப்பாகவே நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அப்படியே பெட்டியில் வைத்தால் ஒரு நாள் தலை ஒடியும்.

ரோசினும் முடியும் சில ஆயிரங்களில் முடிகிற வேலை. உங்கள் வழுக்கலில் பெரும் பங்கு இதிலேயே தீரும். மிச்சம் இருந்தால்தான் தந்தி.

அந்த 'சோலோ' செட்டுக்கு வருகிறேன். சோலோ என்றால் உசத்தி ரகம் என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார். அது தரத்தின் பெயரே கிடையாது. தனிக் கச்சேரி வாசிப்பவர்கள் பேஸை ஒரு முழு ஸ்வரம் ஏற்றி எஃப் ஷார்ப், பி, இ, ஏ என்று சுருதி வைப்பார்கள், அதற்கென்று செய்த தந்தி அது. சர்ச் ஆர்கெஸ்ட்ராவில் நீங்கள் வைப்பது இ, ஏ, டி, ஜி. சோலோ தந்தியை அதற்கு இறக்கினால் துணி காயப்போட்ட கொடி மாதிரித் தொய்யும், வில் இன்னும் மோசமாக வழுக்கும். உறையில் 'ஆர்கெஸ்ட்ரா' என்று இருக்கிறதா என்று பார்க்காமல் எந்த பேஸ் தந்தியையும் வாங்காதீர்கள்.

ஸ்பைரோகோர் வியன்னாவின் தோமஸ்டிக் கம்பெனி செய்வது. விரலால் மீட்டுகிற ஜாஸ்காரர்களுக்கு அது உயிர். புதிதாக இருக்கும்போது வில் போட்டால் தகரம் மாதிரிக் கத்தும். நீங்கள் வில்லும் விரலும் பாதிப் பாதி என்றால் பிராஸ்ட்ரோவின் ஒப்லிகாட்டோ அல்லது டடாரியோவின் ஹெலிகோர் ஹைப்ரிட் பாருங்கள். ஜெர்மன், ஆஸ்திரியச் செட்டுகளில் 'வைஷ்' என்றால் மென்மை, 'மிட்டல்' நடுத்தரம், 'ஷ்டார்க்' இறுக்கம். பிளைவுட் உடம்புக்கு ஷ்டார்க் வேண்டாம். டடாரியோ உறைக்குள் ஒரு குறியீடு இருக்கும், கம்பெனியின் தளத்தில் அதைப் பதிந்தால் போலியா என்று தெரிந்துவிடும். மாட்டும்போது நான்கையும் ஒரேயடியாகக் கழற்றாதீர்கள். தந்திகளைத் தாங்கும் குதிரை சாயும், உள்ளே நிற்கும் சவுண்ட் போஸ்ட் குச்சி விழும், அப்புறம் அதை நிமிர்த்த ஆள் தேட வேண்டும். ஒன்றைக் கழற்றி, அதே இடத்தில் புதியதைப் போட்டு, பிறகு அடுத்தது.

பழைய தந்தி வாங்கக் கூடாது என்பது என் சட்டம். அதற்கு ஒரே விலக்கும் இந்த ஸ்பைரோகோர்தான். எஃகுக் கயிறு மேல் குரோம் சுற்றிய தந்தி, வருடக்கணக்கில் உழைக்கும். இரண்டு வருடம் வாசித்த பிறகு அந்தத் தகரக் கூச்சல் அடங்கி, வில்லுக்கும் பதமாகிவிடும். அதனால் யாராவது செட் மாற்றும்போது கழற்றிய ஸ்பைரோகோரை மற்றவர்கள் விரும்பியே வாங்குவதுண்டு. ஆனால் பார்த்து வாங்க வேண்டும். அது முன்பு இருந்த பேஸில் மேல் கட்டையிலிருந்து குதிரை வரை என்ன நீளம் என்று கேளுங்கள். முக்கால் சைஸில் 104 முதல் 106 சென்டிமீட்டர் வரை இருக்கும். உங்களுடையதை டேப் வைத்து அளந்து ஒப்பிடுங்கள். நீளம் மாறினால் பழைய மடிப்பு, தந்தி ஓடுகிற இடத்தில் வந்து உட்காரும், அங்கே சுருதி நிற்காது. முனையில் சுற்றிய பட்டு நூல் பிரிந்திருந்தால் வேண்டாம். பந்து முனையில் விரலைத் தேய்த்துப் பாருங்கள், காவிக் கறை ஒட்டினால் பெசன்ட் நகர்க் கடற்காற்று முந்திக்கொண்டது என்று அர்த்தம். சுருட்டி வைத்த வட்டம் பெரிதாக இருக்க வேண்டும். வளையல் அளவுக்குச் சுருட்டிக் கொண்டுவந்தால் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இவ்வளவும் சரியென்றால் புதுச் செட்டில் பாதி விலைக்கு மேல் கொடுக்காதீர்கள்.

இனி வில். பெர்னம்புகோ பிரேசில் நாட்டு மரம், நம் பக்கத்துப் பதிமுகத்துக்குத் தூரத்து உறவு. அழிகிற நிலைக்கு வந்துவிட்டதால் 2007-இலிருந்து சர்வதேச வனவிலங்கு, தாவர வர்த்தக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. மரத்தின் காகிதம் எங்கே என்று உங்கள் ஆளைக் கேளுங்கள், குரல் இறங்கும். 'பிரேசில் வுட்' என்கிற மட்டமான மரத்தையும் இதே பெயரில் தள்ளுகிறவர்கள் உண்டு. தந்த விஷயமோ இதைவிட மோசம். இந்திய யானைத் தந்தத்தோடு, வனவிலங்குச் சட்டத்தின் 1991 திருத்தத்தில் ஆப்பிரிக்கத் தந்தத்தின் வியாபாரத்துக்கும் இங்கே தடை வந்துவிட்டது. நுனியில் ஒட்டிய நகக்கண் அளவுத் துண்டுக்காக வனத்துறைக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். அதைப் பெருமையாக வேறு சொல்கிறார்!

'கிஃப்ட்' யோசனையும் காலாவதி. 2019 டிசம்பரிலிருந்து தபாலிலோ கூரியரிலோ பரிசு என்று சொல்லி டியூட்டி கட்டாமல் பொருள் இறக்கக் கூடாது. உயிர் காக்கும் மருந்துக்கும் ராக்கிக்கும் மட்டும் விலக்கு. ராக்கிக் கயிறு அப்படி வரலாம், பேஸ் தந்தி வரக் கூடாது. ஒழுங்காக விலையை எழுதி, கேஒய்சி கொடுத்து, டியூட்டி கட்டி எடுப்பதுதான் வழி. அந்த வழியும் லேசில்லை. ஒரு முறை பார்சல் வாங்கப் போன இடத்தில் படிவத்தில் வில் என்று எழுதியிருந்ததைப் பார்த்து, 'அம்பு எங்கே சார்?' என்றார்கள். சிரித்தேன். அவர்கள் சிரிக்கவில்லை. அரை நாள் போனது. வாத்தியம் வாசிக்கிறவனை ஆயுதம் கடத்துகிறவன் மாதிரி நிறுத்தி வைப்பார்கள், தந்தமும் போலித் தந்தியும் கொண்டுவருகிறவனுக்கு மட்டும் எப்படியோ கதவு திறக்கும்.

வில் மாற்றியே ஆக வேண்டுமென்றால் நல்ல கார்பன் ஃபைபர் வில் பாருங்கள். மரத்துக்கு வேண்டிய சான்றிதழ்த் தொல்லை கிடையாது, ஈரத்துக்குக் குச்சி வளையாது. எதுவானாலும் உங்கள் பேஸில் உங்கள் தந்தியில் போட்டுப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு அடியிலிருந்து நுனி வரை குச்சியை நோக்குங்கள், பக்கவாட்டில் கோணல் இருக்கக் கூடாது. பிறகு அந்த இ தந்தியில் மெதுவாக ஒரு நீள இழுப்பு. அதில் தெரியாதது விலைச்சீட்டில் தெரியாது.

ஒன்று கேட்க மறந்தேன். பேஸ் வில்லில் இரண்டு சாதி உண்டு. கையை மேலே வைத்துப் பிடிக்கும் பிரெஞ்சு வில் ஒன்று, கீழிருந்து உள்ளங்கையில் ஏந்தும் ஜெர்மன் வில் இன்னொன்று. அடிக்கட்டையின் அமைப்பே வேறு, ஒன்றுக்குப் பழகிய கையில் மற்றது நிற்காது. நீங்கள் எந்தப் பிடி என்று கடிதத்தில் எழுதவில்லை. 80,000 ரூபாய் அட்வான்ஸ் கேட்கிற அந்த மனிதராவது கேட்டாரா?