கேபிளா, கச்சேரியா?

கேள்வி: ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர்னு இதுவரைக்கும் நாலு லட்சம் போட்டாச்சு. கேக்குறது முழுக்க கர்நாடக சங்கீதம்தான். இப்போ கடைக்காரர் எழுபதாயிரத்துக்கு ஒரு ஸ்பீக்கர் கேபிளைக் காட்டி ஆசை மூட்டுறார். வீட்டம்மாவோ "அந்தக் காசுக்கு எத்தனை கச்சேரி கேக்கலாம்"ங்கிறாங்க. நீங்க யார் கட்சி? – ஒரு வாசகர், நங்கநல்லூர்

பதில்: சார், முதல்ல கேபிளை விட்டுடுங்க. பத்தடி தூரத்துக்கு எலக்ட்ரிக் கடையில கிடைக்கிற 2.5 ஸ்கொயர் எம்எம் காப்பர் ஒயரே தாராளம். அதுவும் நீங்க அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் காலத்துப் பாடகர்களைக் கேக்குறவர்னா அந்த ரேடியோ பதிவெல்லாம் மோனோ (இடது, வலதுன்னு பிரியாத ஒரே சேனல்), அதுக்கும் முந்தின 78 ஆர்பிஎம் இசைத்தட்டுல ஒரு பக்கத்துக்கு மூணு, மூணரை நிமிஷம்தான், அதுக்குள்ள அடிச்சுப் பிடிச்சு பாடி முடிச்சிருப்பாங்க, அன்னைக்கு பதிவுலயே ஏறாததை இன்னைக்கு எந்த கேபிள் வந்து எடுத்துக் கொடுக்கும்? ஆசை தீரலன்னா ரூமை கவனிங்க. மொசைக் தரை, வெறும் சுவர்னா நல்ல ஸ்பீக்கர்கூட கணகணன்னுதான் இருக்கும். தடியா ஒரு ஜமுக்காளம், ஜன்னலுக்கு கனமான திரை, போதும்.

அதுக்காக வீட்டம்மா கட்சின்னும் சொல்லிட மாட்டேன். போன டிசம்பர் சீசன்ல ஒரு சபாவுல (பேர் வேணாம்) ஸ்பீக்கர் பெட்டி பக்கத்துல சீட்டு மாட்டிச்சு. மிருதங்கம் இடி, வயலின் கீச்சுன்னு கிழிக்குது, பாடுறவர் ஆலாபனை நடுவுலயே மானிட்டரை (பாடுறவருக்குக் கேக்க மேடையில வைக்கிற ஸ்பீக்கர்) கூட்டுன்னு கட்டைவிரலைத் தூக்கித் தூக்கிக் காட்டுறார். உங்க வீட்டு ஹால் எவ்வளவோ மேல்னு தோணிச்சு. அதோட டிசம்பர்ல பெரிய வித்வான்களோட சாயங்காலக் கச்சேரிக்கு நீங்க டிக்கெட் வாங்கலன்னா பின்னாடி நிக்கிறவர் வாங்கிடுவார். ஆளில்லாம கிடக்குறது மத்தியான ஸ்லாட்தான். பல சபாவுல அதுக்கு டிக்கெட்டே கிடையாது, அப்படியும் முன் வரிசையில நாலு பேர், அதுல ரெண்டு பேர் பாடுற பொண்ணோட அப்பா அம்மா!

அந்தப் பொண்ணை வீட்டுக்குக் கூப்பிடுங்க. நிஜமாத்தான் சொல்றேன். வயலின், மிருதங்கம் சேர்த்து மூணு பேருக்கும் கௌரவமா சன்மானம், அக்கம்பக்கத்துல இருபது பேர், வந்தவங்களுக்கு ஒரு கிச்சடி காபி. மைக் வேண்டவே வேண்டாம். மிருதங்கக்காரர் ரவையைத் தண்ணி விட்டுப் பிசைஞ்சு இடது பக்கம் அப்புவார், வலது பக்கத்தை கல்லும் கட்டையும் வச்சு லொட்டு லொட்டுன்னு தட்டி சுருதி சேர்ப்பார், அதை ஆறடி தூரத்துல உக்காந்து பாருங்க. அந்த ரவை அப்பின தோல்லேருந்து கும்னு ஒரு சத்தம் எழும்பி உங்க ஜமுக்காளம் வழியா தொடைக்கு வரும். நாலு லட்சம் போட்டு நீங்க தேடிட்டிருக்கிறது அதைத்தான்னு நினைக்கிறேன்.

பழைய செட்டை வித்துடாதீங்க. செத்துப்போன மகான்களைக் கேக்க வேற வழி கிடையாது.

கேள்வி: கச்சேரியில தனி ஆவர்த்தனம் (மிருதங்கம் மாதிரி தாள வாத்தியம் மட்டும் தனியா வாசிக்கிற பகுதி) ஆரம்பிச்சதும் எழுந்து கேன்டீனுக்குப் போறது தப்பா? – ஒரு வாசகி, ஸ்ரீரங்கம்

பதில்: தப்புதான் மேடம். ஆனா கூட்டம் இல்லாம ரவா தோசை கிடைக்கிற நேரமும் அது ஒண்ணுதான், நானே ரெண்டு தடவை போயிருக்கேன். கடைசி வரிசையில உக்காந்துட்டு, நைசா போயிட்டு வந்துடுங்க.