வருத்தக்காரத் தம்பியிடம் காணி உறுதி எழுதி வாங்கலாமா?

சுன்னாகத்தில் இருந்து ஒரு அக்கா எழுதியிருக்கிறார். தம்பி மூன்று வருடமாக நித்திரை இல்லாமல் தனியே கதைக்கிறார். போன மாதம் அம்மாவைத் தள்ளி விழுத்தியிருக்கிறார். கனடாவில் உள்ள அண்ணா வளவை விற்கச் சொல்கிறார். தம்பியின் பங்கை எழுதி வாங்கிவிட்டு, நீதிமன்றம் மூலம் அவரை அங்கொடை மனநல வைத்தியசாலைக்கு அனுப்ப முடியுமா என்பது கேள்வி.

தம்பி வீட்டுக்குக் காசு தராதது, உங்களை ஏசியது, கல்யாணத்துக்கு வராதது எதுவும் நீதிபதிக்குத் தேவையில்லை. நான்கு பக்கக் கடிதத்தில் உதவக்கூடியது அம்மா விழுந்த அந்த ஒரு வரிதான். என்றைக்கு நடந்தது, யார் பார்த்தது என்று உடனே எழுதி வையுங்கள். 1873ஆம் ஆண்டின் மனநோய்கள் கட்டளைச் சட்டம்தான் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. மாவட்ட நீதிமன்றத்தில் சத்தியக்கடதாசியோடு மனுப் போடுவதெல்லாம் உங்கள் சட்டத்தரணிக்குத் தெரியும்.

எனக்குப் பயம் தருவது அந்த 'எழுதி வாங்கிவிட்டு'. தயவுசெய்து செய்யாதீர்கள். இந்த மாதம் தம்பி உறுதி எழுதும் நொத்தாரிசு முன் கையெழுத்து வைப்பார். அடுத்த மாதம் நீங்களே, 'இவருக்கு மூன்று வருடமாகச் சித்த சுவாதீனம் இல்லை' என்று சத்தியம் செய்வீர்கள். அந்த உறுதியை உடைக்க வேறு சாட்சியே வேண்டாம், உங்கள் சத்தியக்கடதாசி போதும். உங்களிடம் வளவை வாங்கியவர் காசைத் திருப்பிக் கேட்பார். தம்பி நாளைக்குச் சுகமாகி வந்து கேட்டாலும் உங்களிடம் பதில் இருக்காது. அவருக்காக நீங்கள் கையெழுத்து வைக்க அதிகாரம் தரும் அற்றோணித் தத்துவம் எழுதி வாங்கினாலும் இதே கதிதான். இப்படி மாட்டிக்கொண்ட குடும்பங்கள் என்னிடம் வந்திருக்கின்றன. ஒருவரும் பேராசைக்காரர் இல்லை, களைத்துப்போனவர்கள். அண்ணாவோடு வாட்ஸ்அப்பில் பேசிய விலைக் கதையும் நீதிமன்றத்துக்கு வந்தால், உண்மையான வருத்தத்தைக்கூடக் காணிச் சண்டை என்றே நினைப்பார்கள்.

அறையில் பூட்டி வைப்பதும் வேண்டாம், அது தண்டனைச் சட்டக்கோவைப்படி குற்றம்.

முதலில் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். தம்பி தானாகச் சம்மதித்தால் வழக்கே தேவைப்படாது. விற்றே ஆகவேண்டும் என்றால், குடிசார் நடவடிக்கைமுறைக் கோவையின் கீழ் அவருடைய ஆதனத்துக்கு ஒரு முகாமையாளரை நியமிக்க மாவட்ட நீதிமன்றத்தையே கேட்கவேண்டும். அந்த முகாமையாளரும் நீதிமன்ற அனுமதி இல்லாமல் விற்க முடியாது, கணக்கும் காட்டவேண்டும். அதற்குக் காலம் எடுக்கும். அண்ணாவால் அவ்வளவு பொறுக்க முடியாதென்றால், தம்பியின் பங்கைத் தொடாமல் தன் பங்குக்கு மட்டும் வழி பார்க்கச் சொல்லுங்கள். வாங்க வருபவரிடம் முற்பணம் வாங்கியிருந்தால் இந்தக் கிழமையே திருப்பிக் கொடுங்கள்.