ரோல்ஸும் தேத்தண்ணியும் வீண் செலவா?

கேள்வி:

வணக்கம் ஐயா. நான் தலவாக்கலைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் இருக்கிறேன். வயது 29. ஹட்டனில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் காசாளராக வேலை. சம்பளம் 58,000 ரூபா. சேமலாப நிதிக்குக் கழித்த பிறகு 53,360 கைக்கு வரும். அம்மாவிடம் 20,000 கொடுப்பேன். பஸ்ஸுக்கு 5,500, பகல் சாப்பாட்டுக்கு 4,000, போன் தவணை 9,800 (இன்னும் ஏழு மாதம் இருக்கிறது), சீட்டு 5,000. சீட்டு இன்னும் ஐந்து மாதம் ஓடும், மூன்றாவது மாதம் என் முறை, 60,000 கிடைக்கும். இரண்டு வருடத்துக்கு முன் அப்பாவின் வைத்தியச் செலவுக்கு என் சங்கிலியை 150,000 ரூபாவுக்கு அடகு வைத்தோம். வருடத்துக்கு 18 வீத வட்டி. மாதம் 2,250 ஒதுக்கி வைத்து, வருட முடிவில் வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைக்கிறேன்.

மிச்சம்தான் பிரச்சினை. சனிக்கிழமை வேலை முடிந்ததும் பஸ் ஏறும் முன் ஒரு ரோல்ஸ், ஒரு தேத்தண்ணி. மாதம் 1,200. பாட்டுப் போட்டிகளையும் நாடகங்களையும் போனில் பார்க்க ரீலோட் 1,500. 2023இல் சரிகமப மேடையில் நம் மலையகத்துப் பிள்ளை பாடியபோது எங்கள் லயமே ஒரு வீட்டு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது, அப்போது பிடித்த பழக்கம். மாதம் ஒரு தடவை மாமா மகளோடு கண்டிக்குப் போய்ப் படம் பார்ப்பேன், பஸ்ஸோடு 2,500. கிளிப், நகப்பூச்சு, வார இதழ் என்று 800. எல்லாம் சேர்த்து 6,000. அண்ணன், "கடனை வைத்துக்கொண்டு இதெல்லாம் வீண் செலவு" என்கிறார். அவர் சொல்வதும் சரி என்றுதான் தோன்றுகிறது.

ஒரு கொப்பியில் ஆசைகளையும் எழுதி வைத்திருக்கிறேன். பதுளை வரைக்கும் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து போக வேண்டும். இளையராஜாவை மேடையில் ஒரு தடவை பார்க்க வேண்டும். மழை பெய்யும்போது கண்ணாடிக்குப் பின்னால் இருந்து தேத்தண்ணி குடிக்கிற மாதிரி ஒரு சின்னக் கடை போட வேண்டும். இந்தக் கொப்பியை மூடி வைத்துவிடவா?

பதில்:

மகள், கொப்பியை மூட வேண்டாம். அந்த 6,000 ரூபாவையும் விட வேண்டாம். ஆறுதலுக்காக இதைச் சொல்லவில்லை. உங்கள் கணக்கை ஒரு தாளில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

முதலில் அண்ணன் சொல்வதைச் சரியாக எடைபோடுவோம், அவர் உங்கள் நன்மைக்குத்தான் பேசுகிறார். எல்லாச் செலவையும் கூட்டினால் 52,550 வருகிறது, மாதம் 810 மிஞ்சுகிறது. நூறு ரூபாவில் பதினொரு ரூபா உங்கள் சந்தோஷத்துக்குப் போகிறது. 29 வயதில், வீட்டுக்கு 20,000 கொடுக்கும் ஒரு பிள்ளைக்கு இது பெரிய தொகை இல்லை. உங்கள் பணம் கசிவது வேறு இடத்தில். இரண்டு வருடத்தில் அடகு வட்டியாக 54,000 ரூபா கட்டியிருக்கிறீர்கள். ஆனால் கடன் இன்னும் அதே 150,000தான், அசலில் ஒரு சதம்கூடக் குறையவில்லை. ரோல்ஸைச் சாப்பிட்டால் பசியாவது அடங்கும். இந்த 54,000 உங்களுக்கு என்ன கொடுத்தது?

ஆகவே சீட்டுப் பணத்தில் இருந்து தொடங்குவோம். மூன்றாவது மாதம் 60,000 கைக்கு வந்தால், அதே வாரத்தில் அடகு வைத்த இடத்துக்குப் போய் முழுவதையும் அசலுக்குக் கட்டுங்கள். அடகுக் கடனைப் பகுதி பகுதியாகக் கட்ட பெரும்பாலான இடங்களில் வழி உண்டு, இப்போதே போய்க் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். கடன் 90,000 ஆகும், மாத வட்டி 1,350க்கு இறங்கும். இருந்தாலும் நீங்கள் எடுத்து வைக்கும் 2,250ஐக் குறைக்காதீர்கள், மாதாமாதம் கொண்டுபோய்க் கட்டுங்கள். வட்டி போக மிஞ்சும் 900 ரூபா அசலில் கழியும். ஐந்தாவது மாதத்தோடு சீட்டு முடிந்ததும் அந்த 5,000மும் அங்கே போகட்டும். ஏழாவது மாதத்தோடு போன் தவணை முடிகிறது, எட்டாவது மாதத்தில் இருந்து அந்த 9,800மும் அங்கேயே. இப்படிச் செய்தால் இன்றிலிருந்து பன்னிரண்டாவது மாதம் சங்கிலி உங்கள் கழுத்தில் இருக்கும். அந்த 6,000 ரூபாவில் நாம் கைவைக்கவே இல்லை.

அண்ணன் சொன்னபடி அதையும் நிறுத்திக் கடனில் போட்டால்? அதையும் போட்டுப் பார்த்தேன். ஒன்பதாவது மாதத்தில் முடிந்துவிடும், வட்டியில் சுமார் 4,600 ரூபா மிஞ்சும். அதாவது ஒரு வருடச் சனிக்கிழமைகளுக்கும், பன்னிரண்டு கண்டிப் பயணங்களுக்கும் நீங்கள் மேலதிகமாகக் கொடுக்கும் விலை 4,600 ரூபாவும் மூன்று மாதக் காத்திருப்பும். இந்தக் கணக்கை அண்ணனிடம் அப்படியே காட்டுங்கள். அதைப் பார்த்த பிறகும் நிறுத்துவது மேல் என்று உங்களுக்கே தோன்றினால் நிறுத்துங்கள், அதுவும் நல்ல முடிவுதான். யாரோ வீண் என்று சொன்னார்கள் என்பதற்காக மட்டும் நிறுத்த வேண்டாம். அப்படி நிறுத்தினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும்.

2022இல், விலைவாசி ஒரு வருடத்துக்கு முன் இருந்ததைவிட 69.8 வீதம் ஏறி நின்ற அந்தச் செப்டெம்பரில், எங்கள் வீட்டில் எல்லாவற்றையும் நிறுத்தினேன். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை, மனைவியோடு மாதம் ஒரு நாள் டவுனில் சாப்பிடும் கொத்து, பிள்ளைகளின் ஐஸ்கிரீம். அவசியமானதைத் தவிர ஒன்றுமில்லை என்று எட்டு மாதம் இருந்தோம். அப்புறம் ஒரு நாள் பெரிய டிவி ஒன்றைத் தவணைக்கு எடுத்துக்கொண்டு வந்து நின்றேன். வீட்டில் யாரும் கேட்கவில்லை. எட்டு மாதம் அடக்கி வைத்தது ஒரே மாலையில் வெளியே வந்துவிட்டது. சேமித்ததைவிடக் கூடுதலாகத் தவணை கட்டினேன். பல வருடம் மற்றவர்களுக்குக் கணக்குச் சொன்னவன் செய்த தவறு இது. அதற்குப் பிறகு, யார் என்னிடம் வரவுசெலவு எழுதிக்கொண்டு வந்தாலும் அவர்களுடைய சின்னச் சந்தோஷத்துக்கு ஒரு வரி இருக்கிறதா என்றுதான் முதலில் தேடுவேன்.

என் அம்மா கொழுந்து எடுத்தவர். எங்கள் லயத்துக் காம்பிராவில் ஒரு ரேடியோ இருந்தது. சம்பள நாளில் அரிசி, மாவு, மண்ணெண்ணெய் வாங்கிய கையோடு இரண்டு பேட்டரியும் வாங்குவார். பேட்டரி இறங்கினால் அடுப்போரம் வைத்துச் சூடேற்றி, இன்னும் இரண்டு மூன்று நாள் இலங்கை வானொலியை இழுத்துப் பிடிப்பார். ராஜா பாட்டு வந்தால் ரொட்டி தட்டும் கை நின்றுவிடும். அப்பா பேட்டரிக் காசைப் பற்றிக் கேட்டால், "அந்தப் பாட்டுக் கேட்டாத்தான் காலையில மலைக்குப் போகக் கால் வருது" என்பார். அரிசிக்கடைக் கடன் அம்மா பெயரில் ஒரு மாதமும் நிலுவையில் நின்றதில்லை. உங்கள் சனிக்கிழமைத் தேத்தண்ணியைப் பற்றி வாசித்தபோது அந்தப் பேட்டரிகள்தான் நினைவுக்கு வந்தன.

சரி, 6,000த்தை எப்படி வைத்துக்கொள்வது? சம்பளம் வந்த அன்றே அதைத் தனியாக ஒரு உறையில் போடுங்கள். மாதம் முழுக்க அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். தீர்ந்தால் அடுத்த சம்பளம் வரை பொறுக்க வேண்டும், மிஞ்சினால் அடுத்த மாதத்துக்கு. ரீலோட்டை மட்டும் கொஞ்சம் கவனியுங்கள். நூறு நூறாகப் போடும்போது எவ்வளவு போகிறது என்று தெரியாது. மாதப் பொதியாக ஒரே தடவை போட்டால் அநேகமாக மிச்சம் வரும். கண்டிப் படத்தை விட்டுவிடாதீர்கள். ஆறில் ஒன்றை விடத்தான் வேண்டும் என்றால், மறந்துபோகும் செலவை விடுங்கள். மாமா மகளோடு பஸ்ஸில் சிரித்துக்கொண்டு வந்தது பத்து வருடம் கழித்தும் நினைவில் இருக்கும், போன மாதம் வாங்கிய கிளிப் எது என்று இப்போதே உங்களுக்கு ஞாபகம் இருக்காது.

இரண்டு விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பாகச் சொல்வேன். ஒன்று போன். ஏழு மாதம் கழித்துத் தவணை முடியும்போது புது மாடலை மாற்றி எடுங்கள் என்று கேட்பார்கள். வேண்டாம். அம்மாவிடம் கொடுப்பதை விட்டால், உங்கள் வரவுசெலவில் கனமான செலவு அந்த 9,800தான், சந்தோஷச் செலவு முழுவதையும்விடக் கூடுதல். பாட்டுக் கேட்க இந்தப் போனே இன்னும் மூன்று வருடம் போதும். மற்றது தங்கம். தங்க விலை ஏறியிருப்பதால், அதே சங்கிலிக்கு இன்னும் கூடுதலாகப் பணம் தருகிறோம் என்று அடகு வைத்த இடத்தில் சொல்லக்கூடும். தீபாவளி நெருங்கும்போது அந்தப் பேச்சு காதுக்கு இனிமையாக இருக்கும். எடுக்காதீர்கள். அம்மா தோட்டத்தில் வேலை செய்பவர் என்றால் அவருக்குத் தீபாவளி முற்பணம் வந்து, பிறகு மாதாமாதம் சம்பளத்தில் கழியும். அந்த மாதங்களில் வீட்டில் கை இறுகும், அதையும் இப்போதே யோசித்து வையுங்கள். அடகுத் துண்டில் இருக்கும் கடைசித் திகதியை நாட்காட்டியில் குறித்துவிடுங்கள். தவறினால் சங்கிலி ஏலத்துக்குப் போகும்.

மிஞ்சும் 810 ரூபா சின்னதுதான், ஆனாலும் அதைத் தொடாதீர்கள். தேசிய சேமிப்பு வங்கியில் ஒரு கணக்குத் திறந்து போட்டு வாருங்கள். 2025 நவம்பரில் டித்வா புயல் நம் மலைகளை என்ன செய்தது என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மண் சரிந்து பாதை மூடி, ஒரு வாரம் வேலைக்குப் போக முடியாவிட்டால் வீட்டில் அரிசிக்குப் பணம் வேண்டும். அது இல்லாவிட்டால் மறுபடி அடகுதான். சேமிப்பு வட்டியில் 10 வீதம் வரியாகக் கழிப்பார்கள். உங்கள் வருட வருமானம் 696,000, வரி விலக்கு எல்லையான 1,800,000க்கு வெகு கீழே. வங்கியில் சுய பிரகடனப் படிவம் கேட்டு நிரப்பிக் கொடுத்தால் அந்தக் கழிவைத் தவிர்க்கலாம்.

இன்னொன்றையும் பாருங்கள். உங்கள் சம்பளத்தில் கழிக்கும் 8 வீதம் 4,640 ரூபா. முதலாளி தன் பங்காக 12 வீதம், அதாவது 6,960 போட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு இன்னொரு 3 வீதம். இதெல்லாம் உங்கள் பெயரில் உண்மையில் வரவாகியிருக்கிறதா என்று ஒரு தடவை கணக்கறிக்கை எடுத்துப் பார்த்துவிடுங்கள். குறை இருந்தால் தொழில் அலுவலகத்தில் முறையிடலாம். மாதம் 11,600 ரூபா உங்கள் சேமலாப நிதிக் கணக்கில் சேருகிறது என்றால், "எனக்குச் சேமிப்பே இல்லை" என்று நீங்கள் நினைக்க வேண்டியதில்லை.

இனி கொப்பிக்கு வருவோம், இந்தக் கடிதத்தில் எனக்கு மிகப் பிடித்த பகுதி அதுதான். ஒவ்வொரு ஆசைக்கும் பக்கத்தில் பென்சிலால் ஒரு விலை எழுதுங்கள். பதுளைப் பயணத்துக்கு மூன்றாம் வகுப்புக் கட்டணம், வழியில் வடை, தேத்தண்ணி, திரும்பி வர பஸ். ஒரு மாதத்து உறைக்குள்ளேயே அது முடிந்துவிடும், ஒரு கண்டிப் படத்தை விட்டால் போதும். உலகத்தின் மறுகோடியில் இருந்து இந்தப் பாதையைப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள், தலவாக்கலைக்காரப் பிள்ளை நானுஓயாவைத் தாண்டிப் போய்ப் பார்க்க வேண்டாமா? 1,891 மீட்டர் உயரத்தில் இருக்கும் பட்டிபொல நிலையம், இதல்கஸ்ஹின்னவில் இரண்டு பக்கமும் விழும் பள்ளத்தாக்கு, எல்லவைத் தாண்டினால் ஒன்பது வளைவுப் பாலம், தெமோதரையில் தன் தலைக்கு மேலேயே சுற்றி வரும் பாதை. புயலில் இந்த ரயில் பாதையும் பலமாகச் சேதப்பட்டது. அதனால் போகும் முன் எதுவரை ரயில் ஓடுகிறது என்று நிலையத்தில் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

ராஜாவின் கச்சேரிக்கு 25,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம், கொழும்புக்குப் போய்வரும் செலவோடு. அதற்கு இப்போது பணம் இல்லை, கடன் வாங்கியும் போகக் கூடாது. ஆனால் சங்கிலி மீண்ட பிறகு மாதம் 17,050 ரூபா உங்கள் கையில் விடுபடும். அதில் 2,500ஐ அந்தப் பெயரில் ஒதுக்கினால் பத்து மாதத்தில் சேர்ந்துவிடும். விடுபடும் பணத்தில் பெரும்பகுதியை முதலில் மூன்று மாதச் செலவு அளவுக்கு ஒரு கையிருப்பாக்க வேண்டும். அதற்குப் பிறகு தேத்தண்ணிக் கடைக்கு என்று ஒரு கணக்கு. கடை வெகு தூரத்தில் இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் காசாளராக நீங்கள் தினமும் கற்றுக்கொள்வது அந்தக் கடைக்குத்தான் உதவப் போகிறது. இப்போதைக்கு, போகிற இடத்தில் எல்லாம் தேத்தண்ணிக் கடைகளைக் கவனியுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை கோப்பை போகிறது, வாடகை எவ்வளவு, மழை நாளில் கூட்டம் கூடுகிறதா குறைகிறதா என்று கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி வாருங்கள். சனிக்கிழமை நீங்கள் உட்காரும் அந்தக் கடையிலேயே தொடங்கலாம்.

மூன்றாவது மாதம் சீட்டுப் பணத்தைக் கட்டப் போகும்போது அண்ணனையும் கூட்டிக்கொண்டு போங்கள். ரசீதில் 90,000 என்று விழுவதை அவரும் பார்க்கட்டும். வரும் வழியில் அவருக்கும் ஒரு ரோல்ஸ் வாங்கிக் கொடுங்கள், உறையில் இருந்து.